செருப்பு, விளக்கு, கட்டில்

(குமாரலிங்கபுரத்தில் மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் மேடைப் பேச்சாளி இல்லை. முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல கிராம சுகாதார செவிலியரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊசிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு இந்தக் கரிசல் காட்டுல நடந்த நடைதான் என் படிப்பு. பாம்புக்கடி பற்றிப் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால டீ குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார்: "விடுதலை பேசுற கூட்டத்துல பாம்பு எதுக்குக்கா? அது ஆஸ்பத்திரி விசயமில்ல?" தம்பி இங்கேதான் உட்கார்ந்திருக்கார். கேட்டது நல்ல கேள்வி. முதல்ல அதுக்குப் பதில் சொல்லிட்டு மத்ததுக்குப் போறேன்.

இந்தியாவில் பாம்புக்கடியால் எத்தனை பேர் சாகிறார்கள்? வீடு வீடாகப் போய்ச் சாவுகளை விசாரித்து எடுத்த ஒரு பெரிய ஆய்வு, 2005ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 45,900 பேர் என்று மதிப்பிட்டது. அதே வழியில் தொடர்ந்து எடுத்த கணக்கு 2020இல் வெளிவந்தது. 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர். வருசத்துக்குச் சராசரி 58,000. உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இத்தனை சாவு இல்லை. 2005ஆம் ஆண்டுக் கணக்கில் செத்தவர்களில் 100க்கு 97 பேர் கிராமத்து ஆட்கள். ஆஸ்பத்திரியில் உயிர் போனது 100க்கு 23 பேருக்குத்தான். மீதிப் பேர் வீட்டிலே, வழியிலே, மந்திரிக்கிறவர் வாசலிலே செத்தவர்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்த்துக் கணக்கெழுதுகிற அரசாங்கத்துக்கு இவர்கள் செத்ததே தெரியாது.

யார் இவர்கள்? குனிந்து வேலை பார்க்கிறவர்கள். இருட்டில் நடக்கிறவர்கள். தரையில் படுக்கிறவர்கள். செருப்பில்லாத கால்கள். பாம்புக்குச் சாதி தெரியாது, சரிதான். ஆனால் யார் எங்கே படுக்க வேண்டும், யார் எந்த வழியில் நடக்க வேண்டும், யார் காலில் என்ன இருக்கலாம் என்று எழுதி வைத்தது சாதி. அந்த எழுத்தின்படி நாம் நடந்து போகிற இடத்தில் பாம்பு கிடக்கிறது. தம்பிக்கு இதுதான் என் பதில்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்க மாமன் கதையைச் சொல்றேன்.

என் தாய்மாமன் திருச்சுழிப் பக்கம் ஒரு ஊரில் பண்ணையாளாக இருந்தார். ஊர்த் தெருவைத் தாண்டித்தான் எங்க தெருவுக்கு வரணும். ஊர்த் தெருவில் நம்மாள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. தெரு தொடங்குகிற இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிகிற இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இதெல்லாம் உங்களுக்குப் புதுசில்லை, பெரியவர்கள் தலையாட்டுறீங்க. ஒரு மழைநாள் ராத்திரி, மாட்டுக்குத் தட்டை போட்டுவிட்டு மாமா வருகிறார். தெருவில் விளக்கு எரியலை. செருப்பு ரெண்டும் கையில. ஒரு வீட்டு வாசலில் கிடந்த கல் குவியலை ஒட்டி நடந்தபோது காலில் சுருக்கென்றது. சுருட்டை. ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம்தான் இருந்ததாம்.

கடிபட்டு விழுந்தப்பவும் செருப்பு கையிலதான் இருந்துச்சு. தெரு இன்னும் முடியல இல்லையா!

எங்க ஆட்கள் ஓடிப் போய், மாட்டுக் கயிற்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார்கள். அன்பினால் செய்ததுதான். விடிய விடியக் கட்டு அவிழ்க்கவில்லை. மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கால் கறுத்துவிட்டது. உயிர் பிழைத்தார். கால் போய்விட்டது. மருந்து ஏற்றிய டாக்டர் சொன்னாராம், "பாம்பு மட்டும் கடிச்சிருந்தா காலை நாங்க காப்பாத்தியிருப்போம், கயிறுதான் காலை எடுத்துருச்சு" என்று. மாமா சாகிற வரைக்கும் ஒத்தைச் செருப்போடு நடந்தார். யார் சொல்லியும் அதைக் கழற்றவில்லை, எந்தத் தெருவிலும்.

செருப்புத் தைக்கிறவரும் நம்ம சனம். தைத்த செருப்பைப் போட்டு நடக்கக் கூடாதவரும் நம்ம சனம். இந்தக் கொடுமையை வெறும் மானப் பிரச்சினையாகத்தான் நாம் பேசி வந்திருக்கிறோம். மானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது உயிர்ப் பிரச்சினையும்கூட. பாம்புக்கடியில் பெரும்பாலானவை காலில், அதுவும் பாதத்திலும் கணுக்காலிலும் விழுகிறவை. காலை மூடின செருப்பு, அதைவிட நல்லது பூட்ஸ். கரிசல் காட்டுக் கூலிக்காரனுக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது. அந்த மருந்தைத்தான் நூற்றாண்டுக் கணக்கில் தடை செய்து வைத்திருந்தார்கள். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் தலித்துகளும் பழங்குடிகளும் செருப்பு அணிவதைத் தடுப்பது அதில் குற்றமாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டின் சட்டத்தில் இப்படி ஒரு வரி எழுத வேண்டி வந்தது என்றால், நாம் கற்பனையாகப் பேசவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று சொல்லணும். இதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயசு. தங்கச்சிக்கு ஏழு வயசு. 1975, அப்ப இது ராமநாதபுரம் மாவட்டம். அய்ப்பசி மழை. கூரை வீடு, ஒழுகாத ஒரு மூலையில் தரையில் பாய் விரித்து நாங்க நாலு பேர் படுத்திருந்தோம். நடுச்சாமத்துக்கு மேல தங்கச்சி எழுந்து, "வயிறு வலிக்குதும்மா" என்று அழுதாள். அம்மா வெந்நீர் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. பிறகு, "கண்ணைத் தெறக்க முடியலம்மா" என்றாள். இமை அப்படியே தொங்குது. பேச்சு குழறுது. எச்சில் முழுங்க முடியலை. உடம்பில் ஒரு காயம் கிடையாது, வீக்கம் கிடையாது. காத்து கருப்பு அடித்துவிட்டது என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். வேப்பிலை அடித்தார்கள், திருநீறு போட்டார்கள். கோழி கூவுகிறதுக்கு முன்னால மூச்சு நின்றுபோச்சு. அழவும் இல்ல, துடிக்கவும் இல்ல. அப்படியே நின்றுபோச்சு.

முதல் நாள் ஒரு சாமிக்கு நேர்ந்த கடனை அம்மா தள்ளிப் போட்டிருந்தாளாம். அதனால்தான் பிள்ளை போச்சு என்று சொன்னார்கள். ஒன்பது வருசம் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றி, அந்தச் சாமிகிட்ட எங்கம்மா மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தா.

பிறகு நான் செவிலியர் பயிற்சிக்குப் போனேன். ஒரு நாள் வகுப்பில் கட்டுவிரியன் பாடம். ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல்லு சிறுசு, கடித்த தடம் தெரியாது. வலிக்காது, வீங்காது. தூக்கத்தில் கடிபட்டவர் முழிக்காமல்கூட இருக்கலாம். முதலில் வயிற்று வலி, வாந்தி. பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை செயலிழக்கும். டீச்சர் சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்கியது. அது பாடம் இல்லை. எங்க வீட்டு ராத்திரி.

லீவில் ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப எம்மேல தப்பில்லையாடி?" இல்லம்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டாள்: "அப்ப காப்பாத்தியிருக்கலாமா?"

அந்த ரெண்டாவது கேள்விக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்றேன். காப்பாற்றியிருக்கலாம். ஒரு கயிற்றுக் கட்டில் இருந்திருந்தால், பாம்பு அவள் பக்கம் வந்திருக்காது. அதைப் பிணிக்கத் தெரிந்த கைகள் எங்க தெருவிலேயே இருந்தன; ஆனால் பண்ணை வருகிறபோது கட்டிலில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதால் எங்க தெருவில் யாருக்கும் கட்டில் கிடையாது. கரண்டு விளக்கு இருந்திருந்தால் பாம்பு கண்ணில் பட்டிருக்கும். விசயம் தெரிந்திருந்து, வண்டியும் இருந்திருந்தால், அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ கொண்டுபோய் மருந்து ஏற்றி, மூச்சுக் கருவி வைத்துப் பார்த்திருக்கலாம். ஒன்றும் இல்லை. அது விதி இல்லை தோழர்களே, இல்லாமை. இல்லாமை தானாக வந்ததும் இல்லை.

சரி. இனி காரியத்துக்கு வர்றேன். கவனமாக் கேளுங்க, வீட்டுக்குப் போய் மத்தவங்களுக்கும் சொல்லுங்க.

இந்தியாவில் 300 வகைக்கு மேல் பாம்பு இருக்கு. நஞ்சுள்ளது சுமார் 60 வகைதான். அதிலும் பெரும்பாலான சாவுக்குக் காரணம் நாலே நாலு. நாலும் நம்ம காட்டுல இருக்கு.

ஒன்று நல்லபாம்பு. படம் எடுக்கும், எல்லாருக்கும் தெரியும். எலி தேடி வீட்டுக்கும் வரும். கடித்த இடம் வீங்கும், வலிக்கும். நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும்.

ரெண்டாவது கட்டுவிரியன். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டு கட்டாக இருக்கும். பகலில் சாதுவாகச் சுருண்டு கிடக்கும். ராத்திரிதான் அதன் நேரம். அதைத்தான் இப்போது சொன்னேன்.

மூன்றாவது கண்ணாடி விரியன். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி முட்டை வடிவப் புள்ளிகள். குக்கர் சத்தம் போலச் சீறும். வயல், வரப்பு, புதர் எங்கும் கிடக்கும். இதைச் சின்ன மலைப்பாம்பு என்றும் மண்ணுளி என்றும் நினைத்துக் கையால் எடுத்தவர்கள் உண்டு. இதன் நஞ்சு ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நான்காவது சுருட்டை விரியன். சின்னது. கல்லும் முள்ளும் வறண்ட பூமியும் அதுக்குச் சொந்த ஊர். அருப்புக்கோட்டை, திருச்சுழி மண்ணு மாதிரி. வளைந்து வளைந்து உடம்பைத் தேய்த்து, ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் போடும். சின்னதுதானே என்று யாரும் அலட்சியம் பண்ண வேண்டாம். ஈறில், மூத்திரத்தில் ரத்தம் வரவைக்கும்.

பேர் ஊருக்கு ஊர் மாறும். அதனால் பேரை வைத்துச் சண்டை போடாதீங்க. எந்தப் பாம்பு கடிச்சாலும் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருதா என்று பார்க்கும் என்பார்கள். பாவம், அதுக்கு மனுசனைக் கொல்லுகிற நஞ்சே கிடையாது. சாரைக்கும் கிடையாது. சாரையும் நல்லபாம்பும் பின்னிக்கொண்டு ஆடும் என்பதும் கதைதான். அப்படி ஆடுவது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைகள் போடுகிற சண்டை.

கடிபடாமல் இருப்பது எப்படி? நம்ம வேலையை வைத்தே சொல்றேன்.

விறகுக்கோ கரிமூட்டத்துக்கோ கருவேலம் வெட்டப் போறீங்க. கட்டையைக் கையால் புரட்டுறதுக்கு முன்னால ஒரு கம்பால் புரட்டுங்க. தரையைத் தட்டிக்கிட்டு நடங்க. தரை அதிர்வு தெரிந்தால் பெரும்பாலும் பாம்பு விலகிப் போகும். கல்லைத் தூக்கும்போது விரலை அடியில் விடாதீங்க. சோளத்தட்டைப் படப்பில் கையை நேரா நுழைக்காதீங்க. பருத்தி எடுக்கும்போதும் மிளகாய் பறிக்கும்போதும் செடித் தூரைப் பார்த்துட்டுக் காலை வைங்க.

அதிகாலை இருட்டில் சாத்தூர், சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்கு வண்டி ஏறப் போகிற பிள்ளைகள் கையில் டார்ச் இருக்கணும். செல்போன் வெளிச்சமாவது இருக்கணும். ராத்திரி ஒதுங்கப் போகிற பெண்கள் தனியாப் போகாதீங்க, விளக்கில்லாமப் போகாதீங்க. அதுக்கும் மேல, ஒதுங்கப் போற நிலைமையே இருக்கக் கூடாது. தண்ணி வசதியோட கக்கூஸ் கேட்கிறது சுத்தத்துக்காக மட்டும் இல்லை.

படுக்கை. முடிந்தவரை தரையில் படுக்காதீங்க. கட்டில் இருந்தால் கட்டிலில் பிள்ளைகள் முதல்ல. கட்டில் இல்லாத வீட்டில் கொசுவலை கட்டி, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிடுங்க. கட்டுவிரியன் உள்ளே வராது. கொசுவுக்கும் ஆச்சு, பாம்புக்கும் ஆச்சு. இவ்வளவு மலிவான காவல் வேறொன்று எனக்குத் தெரியாது.

பாம்பு வீட்டுக்கு எதுக்கு வருது? எலிக்கு. எலி எதுக்கு வருது? தானியத்துக்கும் குப்பைக்கும். தானிய மூட்டையைச் சுவரில் இருந்து தள்ளி, பலகை மேல வைங்க. விறகு அடுக்கைப் படுக்கிற இடத்தில் இருந்து தள்ளி வைங்க. சுவர்ப் பொந்தை அடைங்க. ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து காலனி வாசலில் கொட்டுகிற ஊர்கள் இன்னும் இருக்கு. எலியையும் அதன் பின்னால் பாம்பையும் நமக்கு அனுப்பி வைக்கிறார்கள் என்று அர்த்தம். அதை எதிர்த்துப் போடுகிற மனுவில், பாம்பையும் ஒரு காரணமா எழுதுங்க.

இவ்வளவும் செய்து கடி விழுந்துருச்சு. என்ன செய்யணும்?

கடிபட்டவரை உட்கார வைங்க, இல்ல படுக்க வைங்க. ஓடவிடாதீங்க, நடக்கவிடாதீங்க. "ஒன்னும் ஆகாது, மருந்து இருக்கு" என்று தைரியம் சொல்லுங்க. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாத்தையும் உடனே கழற்றுங்க, வீங்கினால் கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் கட்டுகிற மாதிரி, கடிபட்ட கையை, காலை ஒரு கம்போடு வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்க. அசையக் கூடாது, அவ்வளவுதான். 108ஐக் கூப்பிடுங்க. வண்டி வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருத்தர் பிடித்துக்கொண்டு போங்க. வாந்தி எடுத்தால் இடது பக்கமா ஒருக்களித்துப் படுக்க வைங்க.

செய்யக் கூடாதது: கயிறு கட்டக் கூடாது. எங்க மாமன் காலை நினைச்சுக்கங்க. பிளேடால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கல்லு ஒட்ட வைக்கக் கூடாது. மிளகு, மிளகாய், வேப்பிலை கொடுத்துக் கசக்குதா, காரமா இருக்கா என்று பரிசோதனை பண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது. ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டிவிட்டால் வழியில் சடக்கென்று அவிழ்க்காதீங்க, ஆஸ்பத்திரியில் அவிழ்க்கட்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு வர வேண்டாம். நாலு நஞ்சுக்கும் ஒரே மருந்துதான். பாம்பைத் தேடப் போன இன்னொருத்தரும் கடிபட்டு வந்ததை நான் பார்த்திருக்கேன்.

"மந்திரிச்சுப் பிழைச்சிருக்காங்களே" என்று ஒரு அக்கா முணுமுணுக்கிறது கேட்குது. பிழைச்சிருக்காங்க, உண்மைதான். ஏன்? கடிக்கிற பாம்பில் பாதிக்கு மேல் நஞ்சில்லாத சாதி. நஞ்சுள்ள பாம்பும் சில நேரம் நஞ்சை இறக்காமல் வெறுமனே கடிக்கும். அவர்கள் மந்திரிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். மீதிப் பேர்தான் சாகிறவர்கள். நாட்டு வைத்தியத்தை இழிவாகப் பேச நான் வரவில்லை. அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர்தான். ஆனால் ரத்தத்தில் ஏறிய பாம்பு நஞ்சை முறிக்கிறதுக்கு இன்றைக்கு நம் கையில் இருக்கிற மருந்து ஒன்றுதான். அதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்றும் தெரிஞ்சுக்கங்க. தெரிஞ்சவன்தான் கேட்க முடியும். நம்மைப் பார்த்ததும், "இங்க ஒன்னும் இல்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று வாசலிலேயே சொல்லுகிற இடங்களில் நானும் வேலை பார்த்திருக்கேன். ரத்தம் ரெண்டு மில்லி எடுத்து, சுத்தமான புதுக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆட்டாமல் 20 நிமிசம் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்கணும். தண்ணி மாதிரி ஓடினால் விரியன் நஞ்சு ஏறியிருக்கு. "இருபது நிமிச ரத்தச் சோதனை பண்ணியாச்சா?" என்று கேளுங்க. இமை தொங்குதா, விழுங்க முடியுதா என்று நீங்களும் பார்த்துக்கிட்டே இருங்க, மாற்றம் தெரிந்தால் உடனே சொல்லுங்க.

நஞ்சு ஏறியது உறுதியானால் விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். ஆளு சின்னது என்று பாம்பு குறைச்சா கடிக்கும்? சிலருக்கு மருந்து ஒத்துக்காமல் தடிப்பு, மூச்சுத் திணறல் வரும். அதுக்கு ஊசி பக்கத்தில் இருக்கணும். அதனால்தான் இதை வீட்டில், கண்ட கண்ட இடத்தில் போட முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக இருந்தாலும், நஞ்சு ஏறியது தெரிந்தால் முதல் மருந்தை ஏற்றி, மூச்சைப் பார்த்து, ஆம்புலன்சில் அனுப்பச் சொல்லுங்க. வீக்கம் இல்லை, வலி இல்லை, வீட்டுக்குப் போ என்றால் போகாதீங்க. ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. என் தங்கச்சிக்கும் வீக்கம் இல்லை.

இந்த மருந்து எப்படி வந்தது என்பதைக் கல்லூரிப் பிள்ளைகள் அவசியம் தெரிஞ்சுக்கணும். பாம்பு நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரை ரத்தத்தில் உருவாகிற எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுப்பதுதான் இது. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெத் இதற்கு வழி திறந்தார். பாட நூலில் அவர் பேர் இருக்கும். ஆனால் மருந்து செய்ய முதலில் நஞ்சு வேணும். அதை யார் எடுப்பது?

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. அதற்கு முன் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலை வியாபாரிக்கு விற்றுப் பிழைத்தார்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதியும் தடையானது. பிழைப்பு போய்விட்டது. இருளர் குடும்பங்கள் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமைகளாகக் கிடந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்த மக்களின் கையில் இருந்த அறிவை வைத்து, ராமுலஸ் விட்டேகர் போன்றவர்கள் துணை நிற்க, சங்கம் உருவானது. அரசு அனுமதியோடு நான்கு வகைப் பாம்பையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் தயாராகிற விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக அவர்கள் கையால் எடுக்கப்பட்டது. அங்கே இருந்து வந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

பள்ளிக்கூடம் போகாத சனம், அறிவில்லாத சனம் என்று நம்மைச் சொல்கிறவர்கள் உடம்பில் நஞ்சு ஏறினால், இருளர் கையில் இருந்து கிளம்பிய மருந்துதான் அவர்கள் ரத்தத்தில் ஏறுகிறது. அப்போது தீட்டு பார்ப்பதில்லை. பெரிய வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் அப்படித்தான். வாசல்படி மிதிக்கக் கூடாத நம்ம பையனைக் கூப்பிட்டு, அடுப்படி வரைக்கும் உள்ளே விடுவார்கள். பாம்பு போனதும் வீட்டைக் கழுவுவார்கள். இளைஞர்களுக்குச் சொல்றேன்: போகாதீங்க. தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் போடச் சொல்லுங்க. இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த படிப்பு அது. அவர்களே கடிபடுவதுண்டு. ஒரு குவாட்டருக்கும் ஒரு கைதட்டலுக்கும் உங்க உயிரைக் கொடுக்காதீங்க. பாம்பை அடித்துக் கொல்லவும் வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். பாதிக் கடிகள் அடிக்கப் போகிறபோது வாங்குகிறவை என்று எங்க பக்கத்துப் பெரியவர்களே சொல்லுவாக. தள்ளி நின்னு வழி விட்டா அது போயிரும்.

கடைசியா, நாம கேட்க வேண்டியது.

2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முதல் வரிசையில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்ற சொல்லைக் கவனியுங்கள். நோய் புறக்கணிக்கப்படுவது, நோயாளி புறக்கணிக்கப்பட்டவன் என்பதால்தான். 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது என்று 2024 மார்ச்சில் ஒன்றிய அரசும் ஒரு செயல் திட்டம் வெளியிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, ஒவ்வொரு கடியையும் சாவையும் பதிந்து தெரிவிக்க வேண்டும். இனி நம்ம சாவு கணக்கில் வரணும். எழுதச் சொல்லுங்க, எழுதின சீட்டை வாங்குங்க. வருசத்துக்கு 20 ரூபாய் கட்டுகிற பிரதமர் விபத்துக் காப்பீட்டில் பாம்புக்கடிச் சாவுக்கும் 2 லட்சம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாவிட்டால் கிடைக்காது. அழுதுக்கிட்டே அவசர அவசரமாப் புதைச்சுட்டு, பிறகு அலையாதீங்க.

வருசத்தில் 6 நாள் கிராம சபை கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் போய் உட்காருங்க. தரையில் இல்லை, நாற்காலியில். காலனிப் பாதைக்குத் தெருவிளக்கு, தண்ணியோட கக்கூஸ், ஆம்புலன்ஸ் உள்ளே வருகிற அளவுக்கு ரோடு, குப்பை கொட்டுவதை நிறுத்துவது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்தும் அதைப் போடத் தெரிந்த டாக்டரும் ராத்திரியிலும் இருப்பது. இந்த அய்ந்தையும் தீர்மானமாக எழுத வைங்க. எழுதாமல் கலைந்து வராதீங்க.

எங்கம்மா இப்ப இல்ல. செத்தப்ப கட்டிலில்தான் கிடந்தா. என் முதல் சம்பளத்தில் வாங்கின கயிற்றுக் கட்டில். வாங்கிக்கொண்டு போய்ப் போட்ட அன்னைக்கு அவ அதில் படுக்கலை. ஓரமா நின்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தா. "ஒம்பது வருசம் முந்தி வந்திருக்கக் கூடாதாடி" என்று கட்டிலைப் பார்த்துத்தான் சொன்னா, என்னைப் பார்த்து இல்லை.

நேரமாச்சு, நல்லா இருட்டிருச்சு. டார்ச் வச்சிருக்கிறவங்க முன்னால போங்க, பிள்ளைகளை நடுவில் விடுங்க. யாரும் செருப்பைக் கையில எடுக்க வேண்டாம். காலில் போட்டுக்கிட்டே போங்க, எந்தத் தெரு வழியாப் போனாலும்.